பத்து நிமிட நீட்டிப்பு

தேர்வு மேற்பார்வையாளரின் வீட்டு நாற்காலியை நகராட்சி வண்டி தூக்கிக்கொண்டு போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. அந்த நகராட்சியில் விதிக்குப் புறம்பாக ஓர் அநியாயம்கூட நடந்ததில்லை என்று அதன் ஆண்டறிக்கையே சொல்கிறது.

அன்று புதன்கிழமை. நாற்காலியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலுக்கு வெளியே நடைபாதையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்திருந்தார். உள்ளே தொலைபேசி அடித்தது. அந்த வீட்டில் தொலைபேசி அடிப்பது சாதாரண விஷயமல்ல. வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூப்பிடுவாள், நான்கு நிமிடம் பேசுவாள். புதன்கிழமையில் மணி அடிக்கிறதென்றால் என்னவோ ஏதோ என்று மேற்பார்வையாளர் ஈரக் கையோடு அடித்துப் பிடித்து ஓடினார்.

"டயர் கடைதானே? தொறந்திருக்கா?" என்றது ஒரு குரல்.

"இது வீடுங்க" என்று சொல்லி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. என்ன வண்டி, எந்தச் சக்கரம், எத்தனை நாளாகக் காற்று இறங்குகிறது என்று விசாரித்தார். மேற்பார்வையாளரிடம் வண்டியே கிடையாது. அந்தப் பக்கம் இருந்தவருக்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. பதினொரு நிமிடம் பேசினார்கள். வெளியே வந்து பார்த்தபோது நடைபாதையில் நான்கு கால்களின் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

பொது இடத்தில் இருக்கும் பொருளுக்கு மூன்றடி தூரத்துக்குள் பத்து நிமிடம் ஆளில்லை என்றால் அது கேட்பாரற்ற பொருள். இதுதான் விதி. ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் தப்பியிருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லி வாதாடக்கூடிய ஆளில்லை. முப்பது வருடம் தேர்வுக்கூடத்தில் நின்றவர். மணி அடித்ததும் பாதி வார்த்தையில் விடைத்தாளைப் பிடுங்கியவர். "கடைசி நிமிஷத்துல எழுதுறது எல்லாம் தப்பாத்தான் இருக்கும்" என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தவர். அவரே எதையும் கடைசி நிமிடத்துக்கு வைத்ததில்லை. "ரயில் தண்டவாளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க ஸ்டேஷனுக்கு வந்துடுவீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த நாற்காலி மனைவியுடையது. வீட்டில் மொத்தம் இரண்டு நாற்காலிகள், இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, சாப்பாட்டு மேசைக்கு எதிரும் புதிருமாகப் போட்டவை. அவளுடையதில் வலது கைப்பிடியின் முனையில் ஒரு குழி விழுந்திருந்தது. பேச்சைக் கேட்கும்போது கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். முப்பத்தொரு வருடம் தேய்த்தது. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

இரண்டு வருடமாக எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார். அது பழகிவிட்டது. யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று ஒரு காலி நாற்காலி சொல்லும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் எதிரே வெறும் தரைதான் இருந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினார்.

கேட்பாரற்ற பொருள்கள் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது நாற்காலிகள்தான். அங்கே இரண்டு நாற்காலிகள் ஒன்றுபோல இல்லை. ஒருவர் கடற்கரைச் சாய்வு நாற்காலியில் படுத்தவாக்கில் கோப்பு பார்த்தார். முத்திரை குத்துபவர் குழந்தைக்குச் சோறூட்டும் உயரமான நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். பிரிவு அதிகாரி முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலியில் இருந்தார், கோபம் வரும்போது காலால் மிதித்து உயர்த்திக்கொண்டார். எல்லாவற்றிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை தொங்கியது.

"என் நாற்காலிய எடுத்துட்டு வந்துட்டாங்க சார். அதைக் கேட்டுட்டுப் போக வந்தேன்" என்றார் மேற்பார்வையாளர்.

அதிகாரி அனுதாபத்தோடு தலையாட்டினார். "பாருங்க, எங்ககிட்ட இருக்குறது கேட்பாரற்ற பொருள் மட்டும்தான். நீங்க வந்து கேட்டுட்டா அது கேட்பாரற்ற பொருள் ஆகாது. அந்த மாதிரிப் பொருளை நாங்க வெச்சிருக்கவே முடியாது, பெரிய குத்தம். ஆனா வெச்சிருக்கோம். அப்ப என்ன அர்த்தம்? நீங்க வந்து கேக்கல."

"இப்ப கேக்குறேனே சார்."

"அது உங்க பக்கம். பதிவேட்டுல அப்படி இல்ல." அதிகாரி நாற்காலியை ஒரு மிதி மிதித்து உயர்ந்தார். "இணையத்துல ஏலம் போடுறோம். யார் வேணும்னாலும் எடுக்கலாம். நீங்களும் யார் வேணும்னாலும்தானே? ஆனா அதுக்கு முன்னாடி கடைசி நிமிஷ ஏலப் பயிற்சி முகாமுல சான்றிதழ் வாங்கணும்."

முகாம் வெள்ளிக்கிழமை நடந்தது. நாற்பது பேருக்கு இடம் போட்டிருந்தார்கள், மூன்று பேர் வந்தார்கள். அதில் இருவர் குளிர்சாதன வசதிக்காக வந்து, முதல் ஐந்து நிமிடத்திலேயே தூங்கிவிட்டார்கள். அதிகாரி மேடையேறி நாற்பது பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

"குடிமக்களே! முன்னாடியெல்லாம் நாங்க தொலைஞ்ச பொருளைத் திருப்பிக் குடுத்துட்டிருந்தோம். வெட்கமா இருக்கு சொல்லவே. வந்தாங்க, கேட்டாங்க, குடுத்தோம். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு அலுவலர்கள், அஞ்சு நிமிஷத்துல முடியுற வேலைக்கா? அதனாலதான் ஏலம். மூணு மணிக்கு முடியுற ஏலத்துல ரெண்டு அம்பத்தொன்பதுக்கு ஒருத்தர் நுழைஞ்சு விலை ஏத்துறது ஒழுங்கீனம். ஆனா அதுக்கு முன்னாடியே ஏத்துறது முட்டாள்தனம். ஒழுங்கீனமும் வேண்டாம், முட்டாள்தனமும் வேண்டாம்னு துறை ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. கடைசி நிமிஷத்துல யார் விலை ஏத்தினாலும் ஏலம் பத்து நிமிஷம் நீளும். அந்தப் பத்து நிமிஷத்தோட கடைசியில ஏத்தினா இன்னும் பத்து. இந்தத் திட்டத்துக்கு அப்புறம் எங்க ஏலத்துல கடைசி நிமிஷமே கிடையாது!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். தூங்கியவர்களில் ஒருவர் புரண்டு படுத்தார். மேற்பார்வையாளர் மட்டும் கை தட்டினார். ஒருத்தர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏலம் திறந்தது. "பொருள் எண் 4417. கைப்பிடி வைத்த மர நாற்காலி. சிறு தேய்மானம்." சிறு தேய்மானம் என்ற இரண்டு வார்த்தைகளை மேற்பார்வையாளர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முகாமில் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் பத்து மணி நான்கு நொடிக்கே விலை கேட்டுவிட்டார். திரையில் "பங்கேற்பாளர் 1" என்று அவருக்குப் பெயர் விழுந்தது. வேறு யாரும் வரவில்லை. பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று, யாரும் இல்லை. கிழட்டு நாற்காலிக்கு யார் வரப்போகிறார்கள் என்று மனம் லேசாயிற்று. நாற்காலி வரும் இடத்தைப் பெருக்கிக்கூட வைத்தார்.

இரண்டு ஐம்பத்தொன்பது தாண்டி ஐம்பதாவது நொடியில் திரை அசைந்தது. "பங்கேற்பாளர் 2: ஒரு காசு கூடுதல். ஏலம் பத்து நிமிடம் நீட்டிக்கப்படுகிறது."

மேற்பார்வையாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். உடனே ஒரு காசு ஏற்றினார். மூன்று ஒன்பது ஐம்பதுக்கு இரண்டாமவர் இன்னொரு காசு ஏற்றினார். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்வரை இதே கதை. "ஏலம் நாளை காலை பத்து மணிக்குத் தொடரும்" என்றது திரை.

மறுநாளும் தொடர்ந்தது. அதற்கு மறுநாளும். அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து முறையிட்டார். "போட்டி இருக்குன்னா உங்க நாற்காலிக்கு மதிப்பு இருக்குன்னு அர்த்தம். நீங்க சந்தோஷம்தான் படணும்" என்று அதிகாரி அவரை வாழ்த்திவிட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"ஒரு பழைய நாற்காலிக்கு எதுக்குப்பா இவ்வளவு மல்லுக்கட்டு? நான் ரெண்டு புதுசு அனுப்புறேன்."

"ரெண்டு எதுக்கும்மா?"

மகள் பேச்சை மாற்றி அங்கே பெய்யும் மழையைப் பற்றிச் சொன்னாள். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் அதிலேயே போயிற்று. பிறகு அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இரண்டாவது வாரத்தில் மேற்பார்வையாளரும் கடைசி நிமிடம்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டார். முப்பது வருடக் கொள்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்தாவது நிமிடத்தின் கடைசி நொடிகளில் விலை ஏற்றினார். இப்போது ஒரு பத்து நிமிடம் அவர் காத்திருந்தார், அடுத்த பத்து நிமிடம் இரண்டாமவர் காத்திருந்தார். டீ போடுவது, துணி காயப்போடுவது, குளிப்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடங்களுக்குள் நடந்தன. இரண்டாமவரின் குணம்கூட மெல்லப் பிடிபட்டது. காலையில் சுறுசுறுப்பு. சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் தாமதம். நான்கு மணிக்கு மேல் ஓர் அலுப்பு. ஒரு வியாழக்கிழமை அடுப்பில் பால் வழிந்து, அதைத் துடைத்துவிட்டு ஓடி வருவதற்குள் இரண்டு நொடிதான் மிச்சமிருந்தது. எப்படியோ அழுத்திவிட்டார். நாற்காலி கைநழுவப் பார்த்ததே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கூடவே, எதிராளி இந்த இரண்டு நொடியைக் கவனித்திருப்பாரா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதை நினைத்ததற்கு வெட்கப்பட்டார்.

இப்படியே போனால் நாற்காலி தன் ஆயுளில் வராது என்று தெரிந்தது. முகாமில் சொல்லிக்கொடுத்த ஓர் உத்தி ஞாபகம் வந்தது. எதிராளியின் முறை வரும்போது, கடைசி நொடியில், தன் விலைக்கு மேல் தானே ஏற்றிவிடுவது; அப்படி ஏற்றினால் மட்டும் ஏலம் நீளாது. எதிராளி ஒரு காசுதான் ஏற்றுவார், இவர் ஐந்து காசு ஏற்றினால் முடிந்தது. அன்று பதினொரு மணி பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பதாவது நொடியில் அழுத்தினார். அதே நொடியில் இரண்டாமவரும் அழுத்திவிட்டார். திரை உறைந்துபோய், பிறகு சிவப்பெழுத்தில் சொன்னது: "ஒரே நொடியில் இருவர். ஏலம் நிறுத்திவைக்கப்படுகிறது. யார் முந்தியவர் என்பதை முடிவு செய்ய நேரடி விசாரணைக்கு வரவும். அழுத்திய விரலைக் கொண்டுவரவும்."

மேற்பார்வையாளர் தன் வலது ஆள்காட்டி விரலோடு மூன்றாம் மாடிக்குப் போனார்.

அதிகாரி விரலைப் பார்த்தார். நீளத்தை அளந்து எழுதிக்கொண்டார். "இரண்டாம் பங்கேற்பாளர் இன்னும் வரலியா சார்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"அவங்க எதுக்கு வரணும்? இங்கதானே இருக்காங்க" என்று அதிகாரி ஜன்னலோரம் கை காட்டினார்.

மேற்பார்வையாளர் முதலில் ஆளைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தார். 4417 என்ற அட்டை தொங்கியது. அதில் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய, தன் வயதொத்த ஓர் அம்மாள் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் கைப்பிடியின் குழியில் இருந்தது. தேய்த்துக்கொண்டிருந்தது.

"போட்டி உறுதிப்பாட்டு அலுவலர்" என்று அதிகாரி பெருமையோடு அறிமுகம் செய்தார். "ஒரே ஒருத்தர் கேட்டா ஏலம் செல்லாதுங்க. ஆனா ஜனங்க வர்றதே இல்ல. அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்க மட்டும்தான் வர்றாங்க, ஊர்ல அவ்வளவு சுயநலம். அதனால எதிர்த்துக் கேக்க துறையே ஒரு ஆளைப் போட்டிருக்கு."

"எங்க நாற்காலியில உக்காந்துட்டு எங்களையே எதிர்த்தா சார்?"

"நல்லா யோசிங்க. ஏழு வருஷமா நாற்காலி வாங்க எங்களுக்கு ஒதுக்கீடு இல்ல. ஆனா ஏலம் முடியாத பொருளைப் பராமரிக்க ஒதுக்கீடு இருக்கு. நாற்காலியப் பராமரிக்கிறதுன்னா என்ன? தினம் உக்காந்து பாக்கணும். ஏலம் முடிஞ்சுட்டா பராமரிக்க ஒண்ணும் இருக்காது. இந்தப் பிரிவே நின்னுட்டுதான் வேலை செய்யணும். உங்க ஒருத்தர் வசதிக்காக இத்தனை பேர் நிக்கணுமா?" அதிகாரி சுழல் நாற்காலியில் முழு உயரத்துக்கு ஏறி இருந்தார். கால் தரையில் படவில்லை. பிறகு விரல் அளவுக்கு முத்திரை வாங்கிவர இறங்கிப் போனார்.

மேற்பார்வையாளர் ஜன்னலருகே போய் நின்றார். கத்த வேண்டும் என்றுதான் வந்தார்.

"நீங்கதானா ஒண்ணு?" என்றார் அம்மாள்.

"நீங்கதானா ரெண்டு?"

"வியாழக்கிழமை ஏன் அவ்வளவு லேட்டு? ரெண்டு நொடிதான் பாக்கி. நான் பயந்தே போயிட்டேன்."

"பால் வழிஞ்சுடுச்சு. நான் விட்டிருந்தா உங்களுக்கு நல்லதுதானே?" என்றார்.

"முடிஞ்சிருக்குமே. அப்புறம் சாயங்காலம்வரைக்கும் என்ன செய்யுறது? இங்க யாரும் யார்கிட்டயும் பேசுறதில்ல சார். வீட்டுலயும் நான் ஒரு ஆள்தான்."

மேற்பார்வையாளர் கொஞ்சம் குனிந்தார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் குழி..." என்றார்.

"ஆமா, யார் தேய்ச்சாங்களோ தெரியல. என் விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

"என் மனைவி."

அம்மாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தெரியாம பண்ணிட்டேன்" என்றார். எழுந்திருக்கவும் பார்த்தார். முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது, மறுபடி உட்கார்ந்தார். "எழுந்துட்டா நிக்கணும் சார், இந்த முட்டியோட ஆகாது. இது வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பெயிண்ட் டப்பா மேல உக்காந்திருந்தேன். நான் ஒரு தடவை அழுத்தாம விட்டா உங்களுக்குக் கிடைச்சுடும். ஆனா மறுபடி டப்பாதான்."

"உங்களுக்கு வேற நாற்காலி இருந்தா?"

"இருந்தா எதுக்கு அழுத்தப்போறேன்" என்றார் அம்மாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் வீட்டில் மிச்சமிருந்த நாற்காலியை, அதாவது தன் நாற்காலியை, தலையில் கவிழ்த்துக்கொண்டு நகராட்சி வாசலுக்கு வந்தார். காவலாளி மறித்தார்.

"பொருளை வெளிய கொண்டுபோகப் படிவம் இருக்கு. உள்ள கொண்டுவரப் படிவம் இல்ல."

"இனாமாக் குடுக்குறேங்க."

"இனாம் லஞ்சத்துல வரும். உள்ள போகணும்னா அது கேட்பாரற்ற பொருளா இருக்கணும். நீங்கதான் பக்கத்துலயே நிக்குறீங்களே, அது எப்படி ஆகும்?"

மேற்பார்வையாளருக்குப் புரிந்தது. நாற்காலியை நடைபாதையில் இறக்கிவைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றார். காவலாளி நாடா வைத்து அளந்து, இன்னும் அரையடி தள்ளச் சொன்னார். முப்பத்துமூன்று வருடம் உட்கார்ந்த நாற்காலி தெருவில் தனியாக நிற்பதைப் பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தார். போய் எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை கால் பரபரத்தது. பதினோராவது நிமிடம் நகராட்சி வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினார்கள். வண்டி பதினைந்தடி தள்ளி இருந்த வாயிலுக்குள் நுழைந்து நின்றது. கயிற்றை அவிழ்த்தார்கள். பொருள் எண் 4502.

விரல் விசாரணையில் யார் முந்தியவர் என்று முடிவாகவில்லை. "முடிவு எட்டப்படாததால் பழைய விலையிலேயே தொடரலாம்" என்று தீர்ப்பு வந்தது. மூன்று மணிக்கு முடிவு என்று ஏலம் மறுபடி திறந்தது. மேற்பார்வையாளர் ஒரு காசு ஏற்றிவிட்டு, வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தொன்பது. ஐம்பதாவது நொடி போயிற்று. ஐம்பத்தைந்து. திரை அசையவில்லை. மூன்று மணி.

"வாழ்த்துகள், பங்கேற்பாளர் 1! இந்த ஏலத்தில் இனி வேறு யாரும் இல்லை."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று ஒன்பதுக்குக் கை தானாகப் போய் ஒரு முறை அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை.

நாற்காலி வந்து சேர்ந்தது. கொடுக்க வேண்டிய காசில் இரண்டு டீ குடிக்கலாம். ரசீது மட்டும் ஒன்பது பக்கம் இருந்தது. மனைவியின் இடத்தில் நாற்காலியைப் போட்டு, அட்டையை அவிழ்த்து, கைப்பிடியைத் துணியால் துடைத்தார். வீட்டில் இப்போது அது ஒன்றுதான் நாற்காலி. எதிர்ப்பக்கம் வாளியில் உட்கார்ந்தால் மேசை மோவாய்க்கு வந்தது. அதனால் முதல் முறையாக அதில் அவரே உட்கார்ந்தார். கட்டைவிரலைக் குழியில் வைத்துப் பார்த்தார். அவர் விரல் பெரியது. பொருந்தவில்லை.

தலை நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. தான் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், தன் தலைக்கு மேலே, முப்பத்துமூன்று வருடமாக அது மாட்டியிருந்தது. தேர்வுக்கூடக் கதைகளை அவர் அளந்துகொண்டிருக்கும்போது, "நேரமாச்சு, எழுந்திருங்க" என்று மனைவி நிமிடம் தவறாமல் சொல்வாள். கடிகாரத்தைப் பார்க்காமல் எப்படித்தான் சொல்கிறாள் என்று ஊரெல்லாம் வியந்து பேசியிருக்கிறார். அவள் கதை கேட்ட லட்சணம் இதுதான். மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிரே தான் இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் புது ஏலம் திறந்தது. "பொருள் எண் 4502. கைப்பிடி வைத்த மர நாற்காலி. தேய்மானம் இல்லை." மேற்பார்வையாளர் ஒரு காசு கேட்டார். மத்தியானம்வரை எதுவும் அசையவில்லை. இரண்டு மணிக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார், குடிக்காமல் ஆறிப்போனது. இரண்டு ஐம்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தைந்து.

"பங்கேற்பாளர் 2: ஒரு காசு கூடுதல். ஏலம் பத்து நிமிடம் நீட்டிக்கப்படுகிறது."

ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ஆற அமர, பத்தாவது நிமிடத்தின் கடைசியில், அவரும் ஒரு காசு ஏற்றினார்.

மாதம் மூன்று ஆகிறது. நகராட்சியின் ஆண்டறிக்கையில் 4502க்கு மட்டும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். துறையின் வரலாற்றிலேயே மிக ஆரோக்கியமான போட்டி அதுதானாம். பிரிவு அதிகாரிக்கு விருதும் கிடைத்தது. அதை அவர் நின்றுகொண்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். "நாற்காலி விவகாரம் முடிஞ்சுதாப்பா?"

"ஒண்ணு வந்துடுச்சும்மா. இன்னொண்ணு ஏலத்துல இருக்கு."

"எப்ப முடியும்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல."

"நீங்களா அவசரம் இல்லங்கறீங்க?" என்று மகள் சிரித்தாள். நான்கு நிமிடம் ஆனது. "சரிப்பா, வெச்சுடவா?" என்றாள். கேட்டுவிட்டு, என்னவோ, உடனே வைக்கவில்லை. அவர் கடிகாரக் கதையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கடிகாரத்தில் மணி ஒன்பதே கால். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலம் கிடையாது. திங்கள் பத்து மணிக்குத்தான்.